ஆறு கடைக்கு ஒரே ஸ்கேன் அட்டை

கடன் கேட்டு விரட்டப்பட்டிருக்கிறேன். பழைய பாக்கிக்காகச் சட்டையைப் பிடித்திருக்கிறார்கள். ஆனால் ‘உன் காசே வேணாம், எழுந்து போ’ என்று ஒரு கடைக்காரர் என்னை விரட்டியது இதுதான் முதல் தடவை.

மாமல்லபுரத்தில் நடந்தது. இரண்டு மாதம் ஆகிறது. முடிவு தெரியாமல் எழுதினால், ‘அப்புறம் என்ன ஆச்சு?’ என்று நீங்கள் கடிதம் போட்டே என்னைக் கொன்றுவிடுவீர்கள். அதனால் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். போன வியாழக்கிழமை முடிவு தெரிந்துவிட்டது. இனி சொல்லலாம்.

கடற்கரைக்குப் போகும் பாதையில் ஆறு கடைகள் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. கடை என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். நான்கு சவுக்குக் கம்பு, இரண்டு தகரம், மேலே நீலத் தார்ப்பாய். அதில் நடுக்கடை பூங்காவனத்துடையது. மீன் வறுவல். அந்தப் பக்கம் எப்போது போனாலும் அங்கேதான் என் மதியச் சாப்பாடு. ஒரு சங்கரா, கொஞ்சம் நெத்திலி, இரண்டு எலுமிச்சைத் துண்டு... இந்தப் பத்திக்கு வருகிற பணத்தில் முக்கால்வாசி பஸ்ஸுக்கும் மீனுக்கும்தான் போகிறது.

அன்றைக்கும் சாப்பிட்டு முடித்துக் கையைக் கழுவிவிட்டு போனை எடுத்தேன். வழக்கமாக ஸ்கேன் அட்டை தொங்கும் ஆணியில் ஒரு துடைப்பம் தொங்கியது.

“அட்டை எங்க பூங்கா?”

“இல்ல. காசு குடு.”

“காசு இல்லியே. போன்லதான் இருக்கு.”

“அப்பன்னா வேணாம். எழுந்து போ அண்ணாத்த. உன் காசே வேணாம்.”

சிரித்துக்கொண்டு சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன். அவர் சிரிக்கவில்லை. அடுத்து வந்த ஒரு சென்னைக் குடும்பமும், அதற்குப் பின்னால் வந்த நான்கு கல்லூரிப் பெண்களும் அதே பதிலைக் கேட்டு அடுத்த தெருவுக்குப் போனார்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம். தட்டில் மீன் குவிந்து கிடந்தது.

வியாபாரம் தெரிந்த பெண்மணி. கூட்டம் இருக்கும் நாளில் ஆளைத் துரத்துகிறார் என்றால் ஏதோ பெரிதாக நடந்திருக்கிறது. நான் எழுந்திருக்கவில்லை.

கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்தார். பிறகு மாவு டின்னுக்குப் பின்னாலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து என் மடியில் போட்டார்.

“நீதான் பேப்பர்ல எழுதறியே. இத்தப் படி. இன்னா போட்டுகீதுன்னு சொல்லு.”

அரசாங்க முத்திரை வைத்த கடிதம். வணிக வரி அலுவலகத்திலிருந்து. நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு விடை கொடுத்தவன். அந்த ஆங்கிலத்தை ஒரு வரிக்கு ஒரு நிமிடம் என்று மெதுவாகக் கடந்தேன். சாரம் இதுதான்: உங்கள் வங்கிக் கணக்கில் போன நிதியாண்டில் ஸ்கேன் வழியாக முப்பத்தெட்டு லட்சத்துச் சொச்சம் வந்திருக்கிறது. நீங்கள் ஜிஎஸ்டி பதிவு செய்யவில்லை. ஏன்? பதில் சொல்லுங்கள். பதில் சொல்ல இன்னும் பதினொரு நாள் பாக்கி.

“முப்பத்தெட்டு லட்சமா?” என்றேன்.

“அத்ததான் நானும் கேக்கறேன். எனக்கு எப்ப வந்துச்சு அவ்ளோ டப்பு? வந்திருந்தா நான் ஏன் இங்க புகையில நின்னு கண்ணக் கசக்கிகினு கீறேன்?”

நல்ல கேள்விதான். ஆனால் வரி அலுவலகம் கணக்கைத் தவறாகப் போடவில்லை. முப்பத்தெட்டு லட்சம் வந்தது உண்மை. எப்படி வந்தது என்பதைத்தான் அந்த வரிசையில் இருக்கிறவர்களைத் தவிர வேறு யாராலும் கற்பனை செய்ய முடியாது.

அந்த ஆறு கடைக்காரர்களும் எல்லாவற்றையும் பொதுவில் வைத்துக்கொள்கிறவர்கள். ஐஸ் ஒருவரிடம் தீர்ந்தால் பக்கத்துப் பெட்டியில் கைவிட்டு எடுத்துக்கொள்வார்கள். கத்தி, குடை, சில்லறை எல்லாம் அப்படித்தான். ‘ஐந்நூறுக்குச் சில்லறை குடு’ என்று யாரும் கேட்பதுகூட இல்லை. நேராகப் போய் டப்பாவைத் திறப்பார்கள். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு கம்பெனி ஆள் வந்து பூங்காவனத்துக்கு ஸ்கேன் அட்டை கொடுத்துவிட்டுப் போனார். அதுவும் அந்தச் சில்லறை டப்பா மாதிரி ஆகிவிட்டது.

இடது பக்கம் பச்சை மீன் விற்கும் லோகநாயகி. எல்லோருக்கும் லோகு. அவரிடம் இருப்பது பொத்தான் வைத்த போன். அவருக்கு அடுத்து இன்னும் இரண்டு மீன்காரப் பெண்கள். அவர்களிடமும் அதே கதை. வலது பக்கம் இளநீர் ஏழுமலை. அவருடைய வங்கிக் கணக்கில் ஏதோ கையெழுத்துத் தகராறு, மூன்று வருடமாகத் தீரவில்லை. கடைசியில் சிப்பி மாலை, சங்கு விற்கும் அந்தோணி. அவரிடம் போன் உண்டு, கணக்கும் உண்டு... ஆனால் கணக்கு மனைவி பேரில். அங்கே போகும் பணம் திரும்பி வராது என்பது அவருடைய அனுபவம்.

ஆகவே ஐந்து கடை வாடிக்கையாளர்களும் பூங்காவனத்தின் அட்டையில்தான் ஸ்கேன் செய்தார்கள். இளநீர் குடித்தவர் அறுபது ரூபாய் போடுவார். ஏழுமலை அங்கிருந்தே கத்துவார்: “பூங்கா, எனக்கு அறுவது!” பூங்காவனம் அடுப்பிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்துத் தகரத்தில் ஏழுமலை பேருக்கு நேராக அறுபது என்று எழுதுவார். சாயங்காலம் கடை மூடும்போது கூட்டிப் பார்த்து, தன்னிடம் வறுவல் விற்று வந்த ரொக்கத்திலிருந்து எண்ணிக் கொடுத்துவிடுவார். பெரும்பாலும் அது போதாது, ஏடிஎம்முக்கு ஒரு நடை. எல்லோருக்கும் கொடுத்து முடித்ததும் ஈரத்துணியால் தகரத்தைத் துடைப்பார்.

பளிச்சென்று ஆகிவிடும். ஒரு எழுத்துகூட மிஞ்சாது.

இரண்டு வருடத்தில் ஒரு நாள்கூட, ஒரு பத்து ரூபாய்க்குக்கூட சண்டை வந்ததில்லை. எத்தனை கம்பெனிகள் இப்படி நெஞ்சில் கைவைத்துச் சொல்ல முடியும்? ஆனால் வங்கியின் கம்ப்யூட்டருக்குத் தகரமும் தெரியாது, கரியும் தெரியாது. பூங்காவனம் என்ற ஒரு பெண்மணி வருடத்துக்கு முப்பத்தெட்டு லட்சத்துக்கு மீன் வறுக்கிறார் என்று மட்டும்தான் தெரியும்.

“ரெண்டு லட்சம் கட்ணுமாம். மேல வட்டி, ஃபைனு. ஒருத்தன் சொன்னான். என்னாண்ட கீறது ஆறு பவுனு. அத்த வெச்சிட வேண்டியதுதான்.”

“அட்டையை ஏன் ஒளிச்சு வெச்ச?”

“காசா வாங்கினா ஒண்ணியும் தெரியாதாம். அதையும் அவன்தான் சொன்னான்.”

இந்த ‘அவன்’ எல்லா ஊரிலும் இருக்கிறான். கேட்காமலே வந்து சொல்லுவான். பிரச்சினை வந்தால் காணாமல் போவான். எனக்கும் ஒரு ‘அவன்’ கிடைத்திருந்தான் என்பதால், எனக்கு இந்த விஷயத்தில் கொஞ்சம் சர்வீஸ் உண்டு.

பல வருடங்களுக்கு முன் பொத்தேரியில் கல்லூரி மாணவர்களை நம்பி ஒரு முட்டை சாதக் கடை போட்டேன். தள்ளுவண்டிதான். ‘ஜிஎஸ்டி நம்பர் வாங்கிடு மச்சான், பேங்க்ல லோன் கொட்டும்’ என்றான் என்னுடைய அவன். வாங்கினேன். லோன் கொட்டவில்லை. செமஸ்டர் விடுமுறை வந்தது. மாணவர்கள் ஊருக்குப் போனார்கள். நான் வண்டியை விற்றுவிட்டு நெல்லூர்ப் பக்கம் லாரியில் கிளீனராகப் போனேன். அங்கிருந்து இன்னொரு ஊர், இன்னொரு வேலை. கடையை நான் மறந்துவிட்டேன்.

நம்பர் என்னை மறக்கவில்லை.

பதிவு செய்துவிட்டால், ஒரு ரூபாய் வியாபாரம் இல்லாவிட்டாலும் ‘ஒன்றும் விற்கவில்லை’ என்று கணக்குத் தாக்கல் செய்ய வேண்டுமாம். செய்யாத ஒவ்வொரு நாளுக்கும் தாமதக் கட்டணம். நான் விஜயவாடாவில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த நாளெல்லாம், செத்துப்போன கடை எனக்குத் தினமும் செலவு வைத்துக்கொண்டிருந்தது. திரும்பி வந்தபோது தொகையைப் பார்த்துத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். இரண்டு மாதம் புதுப்பட்டினத்தில் கல்யாணப் பந்தல் கட்டும் வேலைக்குப் போய் அடைத்தேன். பந்தல் வேலையில் ஒரு வசதி, தினமும் கல்யாணச் சாப்பாடு. அதனால் நஷ்டம் என்று முழுதாகச் சொல்ல முடியாது.

அப்போது அந்த நம்பரை ரத்து செய்து கொடுத்து, நான் கட்ட வேண்டியதையும் கட்ட வேண்டாததையும் பிரித்துக் காட்டியவர் சுகன்யா. செங்கல்பட்டில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மாடியில் வரி ஆலோசகராக இருக்கிறார். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். பெற்றோர் இருவரும் நாற்று நடவும் களை எடுக்கவும் கூலிக்குப் போனவர்கள். இவர் பி.காம் முடித்துவிட்டு, ஊரில் இருக்கிற பெட்டிக்கடைக்காரர்களுக்கெல்லாம் கணக்குப் பார்க்கிறார். கோபம் வந்தால் பேனா மூடியை மூடி மூடித் திறப்பார். வேறு குறை இல்லை.

மறுநாளே பூங்காவனத்தைக் கிளப்பி, திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் பஸ்ஸில் ஏற்றினேன்.

சுகன்யா கடிதத்தை ஒரு தடவை படித்தார். பிறகு கேட்டார்.

“அக்கா, உங்க வறுவல் மட்டும், ஸ்கேன்ல வருஷத்துக்கு எவ்வளவு வரும்?”

“ஒம்பது லட்சம் வருமா? அவ்ளோதான்.”

“ரொக்கமா?”

பூங்காவனம் என்னைப் பார்த்தார். சொல்லலாமா என்ற பார்வை.

“சொல்லுங்கக்கா. ரொக்கமும் வியாபாரம்தான். கையில வாங்கினா கணக்குல சேராதுன்னு சொன்னவன் உங்களுக்கு எதிரி.”

“ஆறு... ஆறேகால் லட்சம்.”

“ரெண்டும் சேத்து பதினஞ்சு சொச்சம். சமைச்சுப் போடுற கடைக்கு இப்ப இருக்கிற வரம்பு வருஷத்துக்கு இருபது லட்சம். அதுக்குக் கீழ இருந்தா நீங்க ஜிஎஸ்டி பதிவே பண்ண வேண்டியதில்ல.”

“அப்பன்னா நான் ஒண்ணியும் கட்ட வேணாமா?”

“இந்த நோட்டீஸுக்குக் கட்ட வேண்டியதில்ல. ஆனா மீதிப் பணம் உங்களுது இல்லன்னு காட்டணும். யார் யாருதோ, அவங்க எழுதிக் கொடுக்கணும்.”

பூங்காவனத்தின் முகத்தில் வந்த வெளிச்சம் அப்படியே நின்றது. பிறகு மெதுவாக அணைந்தது. அப்போது எனக்குக் காரணம் புரியவில்லை. சாயங்காலம் வரிசைக்குத் திரும்பிய பிறகுதான் புரிந்தது.

“கையெழுத்தா? வரி ஆபீசுக்கா?” லோகு மீன் வெட்டும் கத்தியைப் பலகையில் குத்தி நிறுத்தினார். “அடியே, நான் போட மாட்டேன். இன்னிக்கு உனுக்கு வந்துச்சு. நான் எழுதிக் குடுத்தா நாளைக்கு என் வூட்டுக்கு வருவாங்க. என் பொண்ணுக்கு இப்பத்தான் கல்யாணம் பேசிகினு கீறாங்க.”

“என் கையில துட்டு வாங்கசொல்லோ பயமா இல்லியா?” என்றார் பூங்காவனம்.

“அது வேற, இது வேற.”

ஏழுமலை இளநீர்க் குலையை எண்ண ஆரம்பித்தார். ஏற்கெனவே எண்ணி வைத்த குலை. அந்தோணி மட்டும், “என் பொண்டாட்டியக் கேட்டு சொல்றேன்” என்றார். மற்ற இரண்டு மீன்காரப் பெண்களும் அன்றைக்குச் சீக்கிரமாகவே கடையைக் கட்டிவிட்டார்கள்.

யாரும் கெட்டவர்கள் இல்லை. நேற்று வரை ஒரே பெட்டியில் ஐஸ் எடுத்தவர்கள். ஒரு சர்க்கார் கவர் வந்ததும் ஆறு கடைக்கும் நடுவில் ஆறு சுவர் முளைத்துவிட்டது... அவ்வளவுதான்.

பூங்காவனம் அழவில்லை. சண்டையும் போடவில்லை. அடுப்பைத் தணித்துவிட்டு என்னிடம் சொன்னார்:

“வுடு அண்ணாத்த. அவங்கள இழுக்க வேணாம். நான் கட்டிடறேன். பவுனு போனா போவுது. இவங்க மூஞ்சியப் பாத்துகினு தான நான் தெனம் கடை போடணும்.”

இதைச் சுகன்யாவிடம் போனில் சொன்னேன். அந்தப் பக்கம் பேனா மூடிச் சத்தம் கேட்டது.

“கட்ட வேண்டாத பணத்தக் கட்டிட்டா பிரச்சின முடிஞ்சுடும்னு நினைக்கிறாங்களா? அந்த முப்பத்தெட்டு லட்சம் அவங்களுதுன்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். அடுத்த வருஷம், அதுக்கடுத்த வருஷம்... மொத்தத்துக்கும் கேப்பாங்க. நான் வர்றேன். ஞாயித்துக்கிழம வர்றேன். யாரும் ஓடிப்போகாம பாத்துக்கங்க.”

வந்தார். ஸ்கூட்டரை ஏழுமலை கடைக்கு எதிரில் நிறுத்தி, முதலில் ஒரு இளநீர் குடித்தார். அறுபது ரூபாய் ரொக்கமாகக் கொடுத்தார். பிறகு லோகுவின் கூடை முன் உட்கார்ந்து, “இது என்ன மீன்?” என்றார்.

“கொடுவா. வாங்கிக்க கண்ணு. ஐஸ் வெக்காதது.”

“இதுக்கு வரி இல்ல, தெரியுமா?”

லோகு நிமிர்ந்தார். “இன்னா?”

“பச்ச மீனுக்கு ஜிஎஸ்டி கிடையாது. கூடையில வெச்சு விக்கிற மீனுக்கு வரியே இல்ல. அது மட்டும் விக்கிறவங்க எத்தன லட்சத்துக்கு வித்தாலும் பதிவு பண்ண வேண்டியதில்ல. டப்பாவுல அடைச்சு லேபிள் ஒட்டி வித்தாத்தான் வேற கணக்கு.”

லோகு கையிலிருந்த கொடுவாயைக் கூடையில் போட்டார்.

“மீனுக்கு வரியே இல்லியா?”

“இல்ல.”

“அடப்பாவி! அப்புறம் இன்னாத்துக்கு ஒரு வாரமா நான் சோறு எறங்காம கீறேன்?”

ஏழுமலை மெதுவாக நகர்ந்து வந்தார். “மேடம்... எளநீருக்கு?”

“வெட்டிக் குடுக்கிற இளநீருக்கும் இல்ல.”

“அய்ய! சொல்லவேல்லியே யாரும்!” என்று, சுகன்யா கொடுத்த அறுபதைத் திருப்பிக் கொடுக்க வந்தார். மகிழ்ச்சியில் சில பேருக்குக் கை இப்படித்தான் வேலை செய்யும்.

அந்தோணிக்கு மட்டும் இன்னும் முகம் தெளியவில்லை. “எல்லாருக்கும் இல்லன்னா எனக்குத்தான் மாட்டும். என் ராசி அப்படி.”

“மாட்டும்தான்” என்றார் சுகன்யா. “சிப்பி மாலைக்கு வரி உண்டு.”

“பாத்தியா!”

“ஆனா பொருள் மட்டும் விக்கிறவங்க, வருஷத்துக்கு நாப்பது லட்சம் தாண்டினாத்தான் பதிவு பண்ணணும்.”

“நாப்பது லட்சமா? நாப்பதாயிரம் மொத்தமாப் பாத்தாலே வேளாங்கண்ணிக்கு நடந்து வர்றேன்னு வேண்டிகினு கீறேன் மேடம்!”

வரிசையே சிரித்தது. பூங்காவனம் மட்டும் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். லோகு கத்தியைக் கழுவினார். கையைத் துடைத்தார். நேராக அவரிடம் போனார்.

“எங்கடி போடணும் கையெழுத்து?”

“வேணாம். நீ பயந்தவ. போ.”

“பயந்தேன்தான். இப்ப பயம் பூடுச்சு. குடுடின்றேன்!”

இரண்டு பேரும் கையெழுத்துக்காக அங்கே போட்ட சண்டை, கையெழுத்து போட மாட்டேன் என்று முன்பு நடந்த வாக்குவாதத்தைவிடப் பெரியது. விவரம் வேண்டாம். இது குடும்பங்கள் படிக்கும் பத்தி.

வாசகர்களே, உங்களில் பாதிப் பேர் சிறுகடை வைத்திருப்பவர்கள் என்று உங்கள் கடிதங்களில் இருந்தே தெரிகிறது. அதனால் சுகன்யா அன்று மீன் சாப்பிட்டபடி சொன்ன இன்னொரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஜிஎஸ்டி பார்ப்பது நீங்கள் மொத்தம் எவ்வளவு விற்றீர்கள் என்பதை. வருமான வரி பார்ப்பது அதில் உங்களுக்கு எவ்வளவு மிஞ்சியது என்பதை. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டு, ‘எனக்கு லாபமே இல்லை, எனக்கெதற்கு ஜிஎஸ்டி?’ என்று கேட்டால் பதில் கிடைக்காது. ‘விற்பனை கொட்டுகிறது, ஐயோ வருமான வரி!’ என்று பயந்தாலும் பயன் இல்லை. வரம்புகள் மாறும். நான் எழுதியதைக் கத்தரித்து வைத்துக்கொண்டு நாலு வருடம் கழித்து வாதாடாதீர்கள். தெரிந்தவரிடம் கேளுங்கள். கேட்காமலே வந்து சொல்கிறவனிடம் மட்டும் கேட்காதீர்கள்.

கெடு முடிய இரண்டு நாள் இருக்கும்போது, எட்டுப் பேர் செங்கல்பட்டு அலுவலகத்தில் நுழைந்தோம். ஆறு கடைக்காரர்கள், சுகன்யா, நான். ஆறு பேரில் நான்கு பேர் காலையில் மீனைத் தொட்டுவிட்டு வந்தவர்கள். வரவேற்பு மேஜையில் இருந்தவர் எழுந்து ஜன்னலைத் திறந்தார்.

அதிகாரி நடுவயதுக்காரர். பதில் மனுவைப் படித்தார். சுகன்யா வங்கிக் கணக்கைப் போன மாதம் வரை அச்செடுத்து, அவர்கள் சொன்னபடி ஆளுக்கொரு நிறத்தில் கோடு போட்டு வைத்திருந்தார். இளநீர் பச்சை, சிப்பி மஞ்சள்... அதிகாரி தாள்களைப் புரட்டினார். நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

“இதெல்லாம் நீங்களா பிரிச்சது. நான் எப்படி நம்புறது? எழுதி வெச்ச கணக்கு ஏதாவது இருக்கா?”

“எழுதுவேன் சார்” என்றார் பூங்காவனம். “தெனம் எழுதுவேன்.”

“எங்க?”

“தகரத்துல. சாயங்காலம் தொடச்சிடுவேன்.”

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். ஆறு பவுனும் அடகுக்கடைக்குப் போவது கண்ணுக்குத் தெரிந்தது.

பிறகு அவர் அச்சடித்த தாள்களில் ஒன்றை உருவினார். கோடுகள் தெரியாதபடி தன் பக்கமாகப் பிடித்துக்கொண்டு லோகுவைப் பார்த்தார்.

“அம்மா, போன மாசம் ரெண்டாவது ஞாயித்துக்கிழம. உங்களுக்கு ஸ்கேன்ல எவ்வளவு வந்துச்சு?”

எனக்கு நேற்றுச் சாப்பிட்டதே மறந்துவிடும். லோகு கூரையைப் பார்த்தார்.

“ரெண்டாவது ஞாயிறு... அன்னிக்கு வஞ்சரம் ஒண்ணே ஒண்ணு வந்துச்சு. அத்த ஒரு கண்ணாடி போட்ட டாக்டரு ஆயிரத்து நானூறுக்கு எடுத்துனு போனாரு. அப்புறம் கெழங்கா முந்நூறு. எறா ரெண்டு பேரு, ஐநூறு ஐநூறு. கடசியா ஒருத்தன் நூத்தி அம்பது குடுத்தான், பேரம் பேசியே என் உசுர வாங்கிட்டான். ரெண்டாயிரத்து எட்நூத்தி அம்பது சார்.”

அதிகாரி விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார். ஆயிரத்து நானூறு. முந்நூறு. ஐந்நூறு. ஐந்நூறு. நூற்றைம்பது. அந்த டாக்டருடைய பேர் முன்னால் ‘டாக்டர்’ என்றே அச்சாகியிருந்தது.

வேறு தேதி கேட்டார். லோகு அதையும் சொன்னார். மற்ற இரண்டு பெண்களிடம் கேட்டார். மீன் பேரோடு, ஆள் அடையாளத்தோடு சொன்னார்கள். ஏழுமலைக்கு அது இன்னும் சுலபம். காய் எண்ணிக்கையை அறுபதால் பெருக்கினால் போதும். அந்தோணி முறை வந்தது.

“சார், எனக்கு ஒண்ணியும் ஞாபகம் இல்ல.”

“ஒரு நாள்கூடவா?”

“என் பொண்டாட்டியக் கேளுங்க சார். நான் வூட்டுக்குப் போனதும் எண்ணி வாங்கிப்பா. பைசா மறக்க மாட்டா.”

“போடுங்க போன.”

ஸ்பீக்கரில் போட்டார். அதிகாரி காட்டிய தேதியை அந்தோணி சொல்லி, “அன்னிக்கு பூங்கா எனக்கு எவ்ளோ குடுத்துச்சு?” என்றார்.

“எழுநூத்தி இருவது, பூங்காவாண்டயே கேட்டுகினேன். நீ அறநூறுதான் குடுத்தே. நூத்தி இருவத இன்னா பண்ண? அத்த இன்னும் சொல்லல நீ! இப்ப இன்னாத்துக்குக் கேக்கற? யாரு பக்கத்துல கீறாங்க?”

அதிகாரி தாளைப் பார்த்தார். மஞ்சள் கோடுகளைக் கூட்டினார். எழுநூற்று இருபது. அவர் சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஜன்னலைத் திறந்தவர் அடக்கவே இல்லை. அந்த நூற்று இருபது என்ன ஆனது என்பதை மட்டும் அந்தோணி கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை.

அதிகாரி எல்லோரிடமும் எழுத்தில் வாங்கிக்கொண்டார். அடையாள அட்டை நகல் வாங்கிக்கொண்டார். பூங்காவனத்திடம் வறுவல் கணக்கை, ரொக்கத்தையும் சேர்த்து, தனியாகக் கேட்டு எழுதிக்கொண்டார். எழுந்திருக்கும்போது சொன்னார்:

“நீங்க ஆறு பேரும் நேர்மையானவங்க. அது பேங்க் கணக்குல தெரியாதும்மா. இனிமே அவங்கவங்க பணம் அவங்கவங்க கணக்குல வரட்டும். ஒரு நோட்டு போட்டு எழுதுங்க. எழுதினதத் துடைக்காதீங்க.”

போன வியாழக்கிழமை சுகன்யாவின் அலுவலகத்துக்குக் கடிதம் வந்தது. விளக்கம் ஏற்கப்பட்டது, நடவடிக்கை கைவிடப்பட்டது என்று அதிலிருந்தது. சுகன்யா போனில் படித்துக் காட்டியபோது நானும் கடையில் இருந்தேன். பூங்காவனம் மூன்று தடவை திரும்பப் படிக்கச் சொன்னார். லோகு ஒரு பெரிய கொடுவாயைக் கொண்டுவந்து வறுக்கச் சொன்னார். காசு யார் கொடுப்பது என்று அதற்கும் ஒரு சண்டை நடந்தது.

சாப்பிட்டு முடித்ததும் பூங்காவனம் என் போனை வாங்கி, சுகன்யாவைத் திரும்பக் கூப்பிட்டார். கன்னத்தில் கைவைத்துக்கொண்டு வெகு சீரியஸாகக் கேட்டார்:

“ஏம்மா சுகன்யா, எனக்குப் பதினஞ்சு சொச்சம்னு சொன்னல்ல? இருவது ஆவறதுக்கு இன்னும் அஞ்சு லட்சம்தான?”

“ஆமாக்கா. ஏன்?”

“பக்கத்துல எறா வறுவல் போட்டா வரும்ல? வரட்டும். அப்ப வந்து நம்பர் எடுத்துக்கறேன். ஓடி ஒளிஞ்சது போதும், கட்டிட்டு நிமுந்து நிக்கறேன். எவ்ளோ ஆவும்னு மட்டும் இப்பவே சொல்லி வெய்யி.”

அந்தப் பக்கம் பேனா மூடிச் சத்தம் எதுவும் கேட்கவில்லை. சிரிப்புதான் கேட்டது.

‘சீக்கிரமே வரி கட்டும் நிலைமை வரட்டும்’ என்று வாழ்த்தினால் எந்த வியாபாரியும் அடிக்க வருவார்... பூங்காவனம் என்னை அப்படி வாழ்த்தச் சொல்லி, அதற்கு ஒரு தட்டு நெத்திலியும் வைத்தார்!